ஆசிரியர் கூடினால் படிப்பு கூடுமா?

பள்ளிக்கூடச் செலவு என்றதும் கட்டடம், கணினி, மிதிவண்டி, சீருடை என்று கண்ணில் படுகிற பொருள்கள்தான் நினைவுக்கு வரும். பணத்தின் பெரும்பகுதி போவதென்னவோ ஆட்களுக்கு. அமெரிக்க அரசுப் பள்ளிகளின் நடப்புச் செலவில் ஏறத்தாழ 80 விழுக்காடு சம்பளமும், அதையொட்டிய ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்றவையும்தான். நம் ஊர் அரசுப் பள்ளிகளிலும் சம்பளம்தான் மிகப் பெரிய செலவு. ஆக, ‘எத்தனை ஆசிரியர் வேண்டும்?’ என்று கேட்பதும் ‘கல்விக்கு எவ்வளவு செலவழிப்பது?’ என்று கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான்.

அடுத்து வருகிற கேள்விதான் சண்டையைக் கிளப்புகிறது: ஆசிரியர்களைக் கூட்டியதால் பிள்ளைகள் கூடுதலாக என்ன கற்றார்கள்? ஆசிரியர் சங்கங்கள் ஒரு பதில் சொல்லும். நிதித்துறை வேறொன்று சொல்லும். இரண்டு பக்கமும் கையில் புள்ளிவிவரத்தோடு வரும், இரண்டுமே சரியான புள்ளிவிவரமாகவும் இருக்கும். அது எப்படி என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் வரலாறும் வேண்டும்.

முதலில் கணக்கு

ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,500 ரூபாய் ஆகிறது. 30 பேர் என்றால் 2,000. 20 பேர் என்றால் 3,000. பத்தே பேர் என்றால் 6,000. ஒவ்வொரு படியிலும் குறைத்தது பத்துப் பிள்ளைகளைத்தான். ஆனால் முதல் படிக்கு 500 ரூபாய் கூடியது, கடைசிப் படிக்கு 3,000 கூடியது. வகுப்பு சிறிதாகச் சிறிதாக, இன்னும் சிறிதாக்கும் செலவு எகிறிக்கொண்டே போகும். இதில் கூடுதல் வகுப்பறைகளுக்கான செலவைச் சேர்க்கவே இல்லை.

ஆட்களைக் கூட்டாவிட்டாலும் பள்ளிச் செலவு ஏறத்தான் செய்யும். அதற்குக் காரணத்தை 1960களில் வில்லியம் பாமோல் என்ற பொருளியலாளர் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்டது நான்கு பேர் வாசிக்கும் மேலைநாட்டு இசைக்குழு. நாம் நாதஸ்வரக் கச்சேரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கீர்த்தனையை வாசிக்க நூறு வருடத்துக்கு முன் எத்தனை பேர், எவ்வளவு நேரம் ஆனதோ, இன்றும் அதேதான். தொழிற்சாலையில் இயந்திரம் வந்து ஒரே ஆள் முன்பைவிடப் பல மடங்கு உற்பத்தி செய்கிறார், அவர் சம்பளம் ஏறுகிறது. வாசிப்பவருக்கும் ஈடாகக் கொடுக்காவிட்டால் அவர் தொழிலை விட்டுப் போய்விடுவார். ஆசிரியர் நிலையும் அதுதான். ஆகவே கல்விச் செலவு ஏறுவதை மட்டும் வைத்து ‘நிர்வாகம் சரியில்லை’ என்று முடிவு கட்ட முடியாது.

விகிதம் வேறு, வகுப்பு வேறு

செய்தித்தாளில் வரும் ‘மாணவர் ஆசிரியர் விகிதம்’ என்பது எளிய வகுத்தல் கணக்கு. மொத்த மாணவர்களை மொத்த ஆசிரியர்களால் வகுத்தால் அது கிடைத்துவிடும். ஆனால் பிள்ளை உட்கார்ந்திருப்பது ஏதோ ஒரு வகுப்பில். அமெரிக்காவில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த விகிதம் 16 அளவில் இருந்தது. அதே காலத்தில் அங்கே தொடக்கப் பள்ளி வகுப்பில் சராசரியாக 21 பேரும், பாடவாரியாக ஆசிரியர் மாறும் உயர்வகுப்புகளில் 27 பேர் அளவிலும் உட்கார்ந்திருந்தார்கள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர், இசை, உடற்கல்வி ஆசிரியர் எல்லாரும் விகிதக் கணக்கில் சேர்வார்கள். ஒவ்வோர் ஆசிரியருக்கும் பாடம் இல்லாத பாடவேளைகளும் உண்டு. அதனால்தான் இந்த இடைவெளி.

நம் கிராமத்துப் பள்ளிகளில் இந்த வேறுபாடு இன்னும் விசித்திரமான உருவம் எடுக்கும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர், 120 வரை நான்கு பேர். ஈராசிரியர் பள்ளி ஒன்றில் 18 பிள்ளைகள் இருந்தால் விகிதம் 9. பின்லாந்துகூடப் பொறாமைப்படும் எண் இது! உள்ளே போய்ப் பார்த்தால் ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்திருப்பார், மற்றவர் நான்கும் ஐந்தும். ஒருவர் பயிற்சிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போய்விட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகிய வேலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பலாம் என்று அதே சட்டம் சொல்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சராசரிக்கு இன்னொரு வித்தையும் தெரியும். ஒரு பள்ளியில் 10 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர், பக்கத்துப் பள்ளியில் 90 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர். இரண்டையும் சேர்த்தால் 25 பேருக்கு ஒருவர், விதிக்கு உள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த நூறு பிள்ளைகளில் 90 பேர் பார்ப்பது 45 பேருக்கு ஒருவர் என்ற நிலையைத்தான். உபரி ஆசிரியர், பணிநிரவல் (ஆள் கூடுதலாக உள்ள பள்ளியிலிருந்து குறைவாக உள்ள பள்ளிக்கு மாற்றுவது) என்று நம் கல்வித்துறையில் அடிக்கடி கேட்கும் சொற்களெல்லாம் இந்த இடைவெளியிலிருந்து பிறந்தவைதான்.

அமெரிக்காவின் அரை நூற்றாண்டு

இந்த விவாதத்துக்கு அமெரிக்காவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அங்கே பதிவுகள் நீளமாக இருப்பது. 1970 வாக்கில் 22 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று இருந்தது, 2010 வாக்கில் 16 ஆகக் குறைந்தது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகும் ஒரு மாணவருக்கான செலவு இரு மடங்குக்கு மேல் போனது. அதே காலத்தில், நேப் எனப்படும் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 17 வயது மாணவர்களின் வாசிப்பு மதிப்பெண் 1971இல் 285, 2012இல் 287. கணிதம் 1973இல் 304, 2012இல் 306. 500 புள்ளி அளவுகோலில் இரண்டே புள்ளி. ‘கொட்டின பணமெல்லாம் எங்கே போச்சு?’ என்று கேட்பவர்கள் காட்டுவது இந்த எண்களைத்தான்.

இப்போது அதே தேர்வில் சின்னப் பிள்ளைகளைப் பாருங்கள். 9 வயதுக்காரர்களின் கணித மதிப்பெண் 219லிருந்து 244 ஆகவும், 13 வயதுக்காரர்களுடையது 266லிருந்து 285 ஆகவும் ஏறியிருக்கிறது. இது சின்ன ஏற்றம் இல்லை. கறுப்பின மாணவர்களும் ஹிஸ்பானிய மாணவர்களும் மொத்தச் சராசரியைவிடக் கூடுதலாகவே முன்னேறினார்கள். அப்படியும் மொத்தச் சராசரி மெதுவாக நகர்ந்ததற்குக் காரணம், தேர்வு எழுதுவோரின் கலவை மாறியது. முன்பெல்லாம் பாதியில் படிப்பை விட்டுப் போயிருக்கக்கூடியவர்கள் இப்போது 17 வயதிலும் பள்ளியில் இருந்து தேர்வு எழுதுகிறார்கள். அவர்களும் சேர்ந்தால் சராசரி இறங்கத்தானே செய்யும்?

கூடுதலாக வந்த ஆட்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகள் எல்லாருக்கும் பொதுப்பள்ளியில் கல்வி தர வேண்டும் என்று 1975இல் சட்டம் வந்தது. அதற்கு முன் அவர்களில் பலருக்குப் பள்ளிக் கதவே திறக்கவில்லை. அவர்களுக்காக அமர்த்தப்பட்ட ஆசிரியர்கள் நேப் சராசரியை உயர்த்தவில்லை என்று குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொரு பக்கம், 1950இல் பள்ளி ஊழியர்களில் 70 விழுக்காடு பேர் ஆசிரியர்கள். 2010 வாக்கில் அது 50 ஆகிவிட்டது. மீதிப் பாதி உதவியாளர், ஆலோசகர், ஓட்டுநர், சமையல்காரர், அலுவலர், மேலாளர். இவர்களில் யார் தேவை, யார் கூடுதல் என்று பிரித்துப் பார்க்காமல் ‘பணியாளர் எண்ணிக்கை’ என்று ஒரே கோடாக வரைந்து காட்டும் வரைபடங்களை நான் நம்புவதில்லை.

சரி, நாடு முழுவதையும் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் பள்ளி ஒப்பிட்டால் என்ன? அங்கும் பொறி இருக்கிறது. பல இடங்களில் தலைமையாசிரியரே பின்தங்கிய பிள்ளைகளைச் சிறிய வகுப்பில் போட்டிருப்பார். வெளியிலிருந்து எண்களை மட்டும் பார்ப்பவருக்குச் சிறிய வகுப்பில் படிப்பது கெடுதல் என்று தோன்றும். வேறு இடங்களில் வசதியான ஊர்ப் பள்ளிகளில்தான் வகுப்பு சிறிதாக இருக்கும். அங்கே மதிப்பெண் கூடியது வகுப்பாலா, வீட்டு வசதியாலா? 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களை ஆராய்ந்து வெளியான அரசு அறிக்கை, பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு அதிகம் ஒத்துப்போகிறது என்றது. அன்றிலிருந்து இந்தச் சந்தேகம் விடவே இல்லை.

சீட்டுக் குலுக்கிப் பார்த்த மாநிலம்

இதற்கு ஒரே நல்ல வழி சீட்டுக் குலுக்குவது. டென்னசி மாநிலம் 1985இல் அதைச் செய்தது. ஸ்டார் என்று பெயர். 79 பள்ளிகள், மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள், மொத்தம் 11,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஒவ்வொரு பள்ளியிலும் மூன்று வகை வகுப்பு: 13 முதல் 17 பேர் உள்ள சிறிய வகுப்பு, 22 முதல் 25 பேர் உள்ள வழக்கமான வகுப்பு, முழுநேர உதவியாளரோடு கூடிய வழக்கமான வகுப்பு. எந்தப் பிள்ளை எதில், எந்த ஆசிரியர் எதில் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது. பெற்றோர் சிபாரிசுக்கும் தலைமையாசிரியர் கரிசனத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

சிறிய வகுப்புப் பிள்ளைகள் முன்னேறினார்கள். நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கிற பிள்ளை முதல் ஆண்டிலேயே நான்கைந்து இடம் முன்னே போனது என்று சொல்லலாம். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பயன் கூடுதல். பிற்காலத்தில் இவர்களில் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதியவர்களின் விகிதமும் கூடியிருந்தது. கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆதாயத்தின் பெரும்பகுதி சிறிய வகுப்பில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சம்தான். இரண்டு, உதவியாளரை அமர்த்திய வகுப்புகளில் சொல்லும்படி எதுவும் மாறவில்லை. வகுப்பில் பெரியவர் ஒருவர் கூடுதலாக இருந்துவிட்டால் போதாது போலிருக்கிறது.

விலையையும் மறக்கக் கூடாது. 22 பேரை 15 பேராகக் குறைப்பது என்றால் ஆசிரியர் செலவு ஏறத்தாழ பாதி மடங்கு கூடும். நான்கைந்து இடம் முன்னேற அது தகுமா என்பதை அந்தப் பணத்தை வேறு எதற்குச் செலவழித்திருக்கலாம் என்பதோடு வைத்துத்தான் எடைபோட முடியும்.

இந்த முடிவால் உற்சாகமடைந்த கலிபோர்னியா, 1996இல் ஆளுநர் பீட் வில்சன் காலத்தில், மாநிலம் முழுக்க மழலை முதல் மூன்றாம் வகுப்பு வரை 20 பேருக்கு மேல் கூடாது என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவரை வகுப்பில் 30 பேரை நெருங்கி இருந்தார்கள். குறைக்கும் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 650 டாலர். பணம் யாருக்குத்தான் கசக்கும்? எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் ஆசிரியரைத் தேடின. நூலக அறையும் இசை அறையும் வகுப்பறைகளாயின. முழுத் தகுதிச் சான்று இல்லாத ஆசிரியர்கள் இந்த வகுப்புகளில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது, சில ஆண்டுகளில் 10ஐத் தாண்டியது. வசதியான ஊர்களில் புதிதாக இடங்கள் திறந்ததும், ஏழைப் பகுதிகளில் வேலை பார்த்த அனுபவசாலிகள் அங்கே மாறிப் போனார்கள். சிறிய வகுப்பால் கிடைத்த பயனில் ஒரு பங்கை அனுபவமில்லாத ஆசிரியர்கள் கரைத்துவிட்டார்கள் என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்லின. அதிலும் அடி வாங்கியவர்கள், டென்னசியில் அதிகம் பயன்பெற்ற அதே வகைப் பிள்ளைகள்.

79 பள்ளிகளில் நடந்தது ஒரு மாநிலம் முழுக்க நடக்காததற்கு இதுதான் காரணம். ஸ்டார் நடத்தியவர்கள் நூற்றுக்கணக்கில் ஆசிரியர்களைத் தேடினால் போதும். கலிபோர்னியாவுக்கு வேண்டியிருந்தது பல ஆயிரம் பேர், அதுவும் உடனே.

இஸ்ரேலில் இருந்து ஒரு சுவையான துணுக்கு. 25 பிள்ளைகள் வரை ஓர் ஆசிரியர், அதற்கு மேல் 40 வரை உதவியாளர் ஒருவரும் வேண்டும், 40ஐத் தாண்டினால் இரண்டு ஆசிரியர் என்று 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதிவைத்தார். அந்த 40தான் அங்கே நீண்ட காலம் உச்சவரம்பாக இருந்தது. 40 பேர் சேர்ந்தால் ஒரே வகுப்பு. 41ஆவது பிள்ளை வந்துவிட்டால் 20, 21 என்று இரண்டாகப் பிரியும். ஒரு பிள்ளையின் வரவால் வகுப்பு பாதியாகிறது, யாருடைய விருப்பமும் அதில் இல்லை. சீட்டுக் குலுக்கலுக்கு இது ஏறக்குறைய சமம். ஜோஷுவா ஆங்ரிஸ்ட், விக்டர் லேவி என்ற பொருளியலாளர்கள் இருவரும் இதை வைத்து 1999இல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் சிறிய வகுப்பால் பயன் உண்டு என்று காட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் புதிய தரவுகளோடு அவர்களும் வேறு இருவரும் திரும்பச் செய்தபோது பயன் எதுவும் தெரியவில்லை. தாங்களே அதை வெளியிட்டார்கள் என்பது பாராட்டத்தக்கது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு ‘பணத்தால் பயனில்லை’ என்று கிளம்பிவிடக் கூடாது. நீதிமன்றத் தீர்ப்புகளால் திடீரென நிதி கூடிய அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களை (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகப் பகுதிகளை) ஆராய்ந்த மூவர் 2016இல் வெளியிட்ட முடிவு இது: பள்ளிப்படிப்பின் 12 ஆண்டுகளும் செலவு 10 விழுக்காடு கூடினால், பிற்காலத்தில் அந்தப் பிள்ளைகளின் ஊதியம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. தேர்வு மதிப்பெண்ணில் தெரியாத பயன் சம்பளச் சீட்டில் தெரியலாம்.

மும்பையும் வதோதராவும்

இந்தியச் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பாலசகி. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய இத்திட்டத்தை பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் 2001 முதல் 2003 வரை மும்பை, வதோதரா மாநகராட்சிப் பள்ளிகளில் ஆராய்ந்தார்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் எழுத்தும் எண்ணும் வராத 15, 20 பிள்ளைகளை, தினமும் இரண்டு மணி நேரம் அந்த வட்டாரத்துப் பெண் ஒருவர் தனியே உட்கார வைத்து அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். அவருக்கு மாதம் 500 முதல் 750 ரூபாய். பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள்.

ஆனால் பின்னால் வகுப்பில் தங்கிவிட்ட மற்றப் பிள்ளைகளைப் பாருங்கள். இவர்கள் வெளியே போனதால் அவர்களுடைய வகுப்பும் அந்த இரண்டு மணி நேரம் சிறிதானது. அதே ஆசிரியர், கூட்டம் மட்டும் குறைவு. அவர்களிடம் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. ஒரே சோதனையில் இரண்டு செய்தி கிடைத்துவிட்டது: பிள்ளை நிற்கிற படியில் நின்று சொல்லிக்கொடுத்தால் பலன், அதே பாடத்தை அதே வேகத்தில் குறைந்த பேருக்கு நடத்தினால் பலன் தெரியவில்லை. கென்யாவின் மேற்குப் பகுதியில் 80 பேருக்கு மேல் இருந்த முதல் வகுப்புகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒப்பந்த ஆசிரியரிடம் போன பாதி முன்னேறியது. நிரந்தர ஆசிரியரிடம் இருந்த பாதி அவ்வளவாக முன்னேறவில்லை, ஏனென்றால் உதவிக்கு ஆள் வந்ததும் அவர் வகுப்புக்கு வருவதே குறைந்துவிட்டது.

இதைப் படித்ததும் ‘அப்படியானால் எல்லாரையும் ஒப்பந்தத்தில் எடுத்துவிடலாமே’ என்று நிதித்துறைக்காரருக்குத் தோன்றும். தமிழ்நாட்டில் 2012இல் சேர்க்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடி வருவதைப் பார்த்தவர்களுக்கு, மலிவான ஆள் என்றைக்கும் மலிவாக இருக்கச் சம்மதிக்க மாட்டார் என்று தெரியும். சம்மதிக்கவும் வேண்டியதில்லை.

கோவிட்டுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி இதே வரிசையில் வருகிறது. அப்போது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற தன்னார்வலர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே வகுப்பு. மாநிலத்தின் கிராமப்புறங்களில் நடந்த பெரிய ஆய்வொன்று, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் என்றும் கணித்தது. அதாவது மீதி முக்கால் பங்கு, பள்ளி திறந்து ஆசிரியர்கள் பாடம் நடத்தியது உள்ளிட்ட மற்றக் காரணங்களால். இந்த முக்கால் பங்கைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்கா அதே காலத்தில் பணத்தை அள்ளி இறைத்தது. மூன்று தவணையில் ஏறத்தாழ 19,000 கோடி டாலர் மத்திய நிதி பள்ளிகளுக்குப் போனது. பல மாவட்டங்கள் அதில் ஆட்களை அமர்த்தின. அதே நேரம் அரசுப் பள்ளிச் சேர்க்கை 2019க்கும் 2020க்கும் இடையே மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் குறைந்தது. 2024 செப்டம்பரோடு கடைசித் தவணைக்கான கெடு முடிந்தது. ஒருமுறை வருகிற பணத்தில் மாதாமாதம் கொடுக்க வேண்டிய சம்பளத்தை வைத்துவிட்டு இப்போது அங்கே ஆட்குறைப்பு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகள் குறைவது தமிழ்நாட்டுக்கும் புதிதில்லை. பிறப்பு குறைகிறது, இருப்பவர்களிலும் பலர் தனியார் பள்ளி வேனில் ஏறிவிடுகிறார்கள். ஊர்ப் பள்ளியில் விகிதம் தானாகவே நன்றாகிக்கொண்டு வருகிறது, யாரும் எதுவும் செய்யாமலே. பக்கத்துப் பள்ளியோடு இணைத்தால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார். ஆனால் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதி இடிக்கும், ஆறு வயதுப் பிள்ளை அதைவிடத் தொலைவு நடக்க வேண்டியிருக்கும். இணைக்காவிட்டால், ஐந்து வகுப்பை ஒரே அறையில் வைத்து நடத்துவது எப்படி என்று ஈராசிரியர் பள்ளிக்காரர்களுக்குத் தனிப் பயிற்சியும் அதற்கேற்ற பாடநூலும் தர வேண்டும். அதற்கு ஆகும் செலவு, புதிய பணியிடங்களுக்கு ஆகும் செலவில் மிகச் சிறிய பங்குதான். முதலில் இதைச் செய்து பார்க்கலாம் என்பது என் கட்சி.